எந்த இழுப்பு?

ஆஸ்பத்திரியில் நோயாளருக்குத் துண்டு எழுதுவது என்பது, ஒரு ஆளின் வருத்தம், அதுதான் நோய், முழுவதையும் ஒரு சொல்லுக்குள் அமத்தி அடைக்கிற வேலை. அந்த வேலையை நான் வெகு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு முன்னால் ஒரு பிள்ளை நீலம் பாரித்தது.

“தகப்பன்ர பேர்?” என்று கேட்டேன். தாய் குனிந்து மடியைத்தான் பார்த்தாள். மடியில் கிடந்த பிள்ளை முதுகை வில்லாக வளைத்து, தலையைப் பின்னால் எறிந்து, விறைத்துப்போய்க் கிடந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. உதடு நாவற்பழ நிறம். “தகப்பன்ர பேர்?” என்று நான் இரண்டாம் தரமும் கேட்டேன். ஏனென்றால் துண்டில் தகப்பன் பெயர்தான் முதல் வரி. அவள் பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தித் தோளில் சாய்த்து முதுகில் தட்டினாள். மூக்காலும் வாயாலும் பால் வந்தது. பிறகு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு வந்த அழுகை துறைமுகத்தில் நின்ற கப்பல் வரைக்கும் கேட்டிருக்கும்.

“இப்ப எழுதும்,” என்றாள். “அவற்ற பேரும் எழுதும், அவற்ற அப்பற்ற பேரும் எழுதும். பிள்ளை மூச்சு விடுகுது, இனி நேரம் கிடக்கு.”

ஒரு சொல் சட்டம்

யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கால் நொந்தவர்களே, இந்தப் பக்கம் இருந்தவனுக்கும் முதுகு நொந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. ஆனால் டொக்யார்ட் லைன் வீட்டில் சிங்களப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்ததால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். டொக்டர் மாத்தறையில் இருந்து புதிதாக வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல்: ‘வாய்’, ‘திற’. சனத்துக்குத் தெரிந்த சிங்களமும் அவ்வளவுதான். ஆகவே நடுவில் என்னைக் கொண்டுவந்து இருத்தினார்கள். சனம் தமிழில் சொல்வதை நான் துண்டில் இங்கிலீசில் எழுத வேண்டும். பிறகு டொக்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் கேட்பதைத் தமிழிலும் அவர்கள் சொல்வதைச் சிங்களத்திலும் மாற்ற வேண்டும்.

வருத்தம் எழுதுவதற்குத் துண்டில் ஒரு கட்டம் உண்டு. நெருப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் மூடிவிடும், அவ்வளவு அகலம். முதல் நாள் நான் ஒரு கிழவருடைய இடுப்பு நோவை, அது எப்போது வரும், எங்கே இறங்கும் என்றெல்லாம் கட்டத்துக்கு வெளியே மறுபக்கம் வரைக்கும் எழுதிக்கொண்டு போனேன். பெரிய கிளாக்கர் அதை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார். கிழித்தார். வேறு துண்டில் ‘நோவு’ என்பதற்கு இங்கிலீசு எழுதி நீட்டினார்.

“தம்பி, நீர் துண்டு எழுத வந்தனீர், கதை எழுத வரேல்லை.”

கிண்ணியாக்காரரின் முட்டு

ஒரு சொல் சட்டத்தில் ஒரு ஓட்டை. எந்த ஊர்ச் சொல் என்று சட்டத்தில் இல்லை. கிண்ணியாவில் இருந்து ஒரு புடவைக் கடைக்காரர், வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற அந்தப் ‘பாதை’யில் ஏறி, விடியவே வந்து நின்றார். கையில் ஐந்து மாதப் பிள்ளை. “என்ன வருத்தம்?” என்றேன். “முட்டு” என்றார். அவர் சொன்னது நெஞ்சு கர் கர் என்று இழுப்பதை, ஆனால் எங்கள் வீட்டில் அதற்குத் தொய்வு என்றுதான் பெயர். முட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஆடு முட்டுவதும் கதவு நிலையில் தலை முட்டுவதும்தான். ‘தலையில் அடி’ என்று இங்கிலீசில் எழுதிவிட்டேன்.

டொக்டர் நல்ல மனிசன். பிள்ளையின் தலையைக் காதில் இருந்து காது வரைக்கும் தடவினார். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணுக்குள் லைட் அடித்தார். எங்கே விழுந்தது, எவ்வளவு உயரம் என்று கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன். பிள்ளையோ நெஞ்சுக்குள் நாலு பூனையை வைத்திருக்கிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தகப்பன் என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், கடைசியில் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“நெஞ்சுக்குள்ள இரிக்கிற வருத்தத்தத் தலைக்குள்ள தேடுறாரே தம்பி, இவர் படிச்சுத்தானே வந்தவர்?”

மான் தின்ற துண்டு

எங்கள் ஊர் மான்களுக்கு வெட்கம் கிடையாது. கோட்டைப் பக்கத்தில் இருந்து நடந்து வந்து, சனம் குந்தியிருக்கிற வாங்குகளுக்கு இடையில் புகுந்து எது கிடைத்தாலும் தின்னும். ஒருநாள் ஒரு தாயின் கையில் இருந்த துண்டை ஒரு மான் தின்றுவிட்டது. வேறு எழுதுவதற்காக, பிள்ளைக்கு என்ன என்று திரும்பக் கேட்டேன். முதல் தரம் ‘சத்தி எடுக்குது’ என்றவள் இப்போது ‘பால் கக்குது’ என்றாள். சத்தியும் கக்கலும் ஒன்றா என்று நான் துருவ, ‘மூச்சும் அடைக்குது’ என்றாள். ஒரே பிள்ளை, மூன்று வருத்தம், ஒரு கட்டம். எதை எழுத? நான் பேனையோடு யோசிக்க, பின்னால் நின்ற மனிசி பொறுமை கெட்டுப்போய்ச் சொன்னாள்:

“முதல் கேக்கேக்க சத்தி எடுத்தவன், ரெண்டாந்தரம் கேக்கேக்க மூச்சடைச்சுப் போனான். இன்னும் ரெண்டு தரம் கேளும் தம்பி, பிள்ளை சுகமாகி நடந்து வீட்ட போயிடும்.”

கூப்பிடும் முறை

இனி நீலம் பாரித்த பிள்ளைக்கு வருவோம். தாயின் பெயர் செல்வமலர், பிறந்த வீடு வெருகலில், கட்டிவந்த ஊர் சாம்பல்தீவு, வயது இருபத்திரண்டு. பிள்ளைக்கு இரண்டு மாதம், நாள் நிரம்ப முதல் பிறந்தது. புருஷன் புல்மோட்டையில் மணல் வேலை. மாதத்தில் இரண்டு தரம் வீட்டுக்கு வருவான். மிச்ச நாட்களில் வீடு மாமியின் ஆட்சி. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு நான் கேட்டது வருத்தம் மட்டும். அவள் சொன்னது: “பால் குடிச்சாப் பிறகு இழுக்குது.”

எங்கள் லைனில் இழுப்பு என்றால் கை கால் வெட்டி இழுக்கிற வலிப்பு. நான் அதற்கு இங்கிலீசில் ‘பிட்ஸ்’ என்று எழுதினேன். மூக்கால் பால் வந்ததைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் கட்டத்தில் மூக்குக்கும் இடமில்லை, பாலுக்கும் இடமில்லை. உள்ளே டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு, “பிட்ஸ் வருகிறதா என்று கேள்” என்றார். நான் “இழுக்குதோ?” என்றேன். அவள் “ஓம், இழுக்குது” என்றாள். நான் “ஓம், வருகிறது” என்றேன். மூன்று பேரும் உண்மைதான் சொன்னோம். வலிப்புக்குக் கொடுக்கிற கலவை மருந்து ஒரு போத்தல் எழுதப்பட்டது.

எங்களிடம் இன்னொரு முறையும் இருந்தது. மருந்து ஆயத்தமானதும் துண்டில் உள்ளதை அப்படியே உரத்துக் கூப்பிட வேண்டும்: ஊர், பேர், வருத்தம். எனக்கு நல்ல தொண்டை. கூப்பிட்டேன். வாங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவளோடு ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. மருந்து கொடுக்கிற மிஸி போத்தலை அவளிடம் நீட்டிவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

“இவள் பஸ்ஸில போவாள். உன்ர சத்தம் அவளுக்கு முந்திச் சாம்பல்தீவுக்குப் போயிடும்.”

மாமி வந்தா

போய்த்தான் இருந்தது. அடுத்த கிழமை செல்வமலரோடு மாமியும் வந்தா. மருந்தைக் குடித்த பிள்ளை நாள் முழுக்க நித்திரை. பாலுக்கும் எழும்பவில்லை. எழுப்பிக் கொடுத்தால் பழையபடி வளைகிறது, மூச்சு நிற்கிறது. மாமிக்கு அது இரண்டாம் பிரச்சினை. முதல் பிரச்சினையை வாங்கில் இருந்த எல்லாருக்கும் கேட்கச் சொன்னா: “எங்கட பக்கத்தில ஏழு தலைமுறைக்கும் வலிப்பு இல்லை. பொம்பிளை பாக்கப் போகேக்க வெருகல்காரர் மூடி மறைச்சுப் போட்டினம். மகன் அடுத்த தரம் வீட்ட வரட்டும். தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் வெருகலில விட்டிட்டு வரச் சொல்லப்போறன்.”

பக்கத்தில் இருந்த ஒருத்தி இது பச்சைப் பிள்ளைகளுக்கு வருகிற கிரந்தி என்றாள். இன்னொருத்தி செவ்வாப்பு என்றாள். மூன்றாமவள் கண்ணூறு, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு என்றாள். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சொல் இருந்தது. என்னைப் போலவே எல்லாருக்கும் அதில் சந்தேகமும் இல்லை. செல்வமலர் ஒருவரோடும் வாதாடவில்லை. நேரே என் யன்னலுக்கு வந்து, மெல்ல, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். அதைவிட அவள் எனக்கு ஒரு அறை தந்திருக்கலாம்.

“நான் வலிப்பு எண்டு சொல்லேல்லைத் தம்பி. மூச்சு இழுத்துக்கொண்டு நிக்குது எண்டுதான் சொன்னனான். வலிப்பு எண்டது நீர்.”

எந்த இழுப்பு

நான் டொக்டரிடம் போய்ச் சொன்னேன். வீரம் ஒன்றுமில்லை. அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம். டொக்டர் பழைய துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, “இழுப்பு என்றால் என்ன?” என்று கேட்டார். வலிப்பு என்றேன். தொய்வும்தான் என்றேன். மூச்சு இழுத்து நிற்பதும்தான் என்றேன். சொல்லச் சொல்லவே எனக்குக் காது சுட்டது. “அப்படியென்றால் இது எந்த இழுப்பு?” என்றார். எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் விட்டது நான்தானே.

அவர் செல்வமலரை இருத்தி, என்னை நடுவில் வைத்து, முதல்தரமாக முழுக் கதையையும் கேட்டார். பிறகு அவர் சொன்னதை நான் இப்படித் தமிழாக்கினேன்: “சின்னப் பிள்ளையளுக்குப் பால் மேல வாறது சாதாரணம். நாள் நிரம்பாமல் பிறந்ததுகளுக்கு மூச்சு இடைக்கிடை நிக்கிறதும் உண்டு. வலிப்பும் சிலதுகளுக்கு வரும். மூண்டும் ஒரே வீட்டில இருக்கலாம். இருக்கிறதால ஒண்டுதான் மற்றதைக் கூட்டிக்கொண்டு வந்தது எண்டு சொல்ல ஏலாது. வாசலால முதல் வந்தது எது எண்டு பாக்க வேணும்.” ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், ஒவ்வொரு தரமும் முதலில் வந்தது பாலா, மூச்சா, விறைப்பா என்று குறித்துக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளை நிறம் மாறினால், எழுப்ப ஏலாமல் போனால், கிழமையைப் பார்க்காமல் உடனே கொண்டு வா என்றார். மருந்தைச் சடாரென்று நிறுத்தக்கூடாது, அளவைப் பாதியாக்கு என்றும் சொன்னார்.

பாவம், ஊர்ப்பெட்டை, எழுதத் தெரியாது என்று நினைத்து, நான் ஒரு தாளில் பால் போத்தலும் மூக்கும் விறைத்த காலும் படமாகக் கீறி, “இதில புள்ளடி போட்டாக் காணும்” என்று நீட்டினேன். அவள் அந்தப் படங்களை ஆறுதலாகப் பார்த்தாள். மூக்கு நான் நினைத்ததைவிட மோசமாகத்தான் இருந்தது.

“நான் பத்தாம் வகுப்புப் பாஸ். நீர் எத்தினையாம் வகுப்பு?”

கொப்பி

ஒரு கிழமைக்குப் பிறகு அவள் குறித்துவைத்த கொப்பி வந்தது. முத்து முத்தான எழுத்து. ‘காலமை. பால் கொடுத்துக் கிடத்தினேன். ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரத்தில் தொண்டையில் பால் சத்தம். பிறகு முதுகு வளைந்தது. பிறகு மூச்சு நின்றது. கை கால் வெட்டவில்லை. நிமிர்த்தினேன், அழுதான்.’ அடுத்தது: ‘மத்தியானம். குடித்த பிறகு கிடத்தாமல் தோளில் வைத்திருந்தேன். ஒன்றும் இல்லை.’ அதற்கடுத்தது: ‘மாமி வாங்கிக் கிடத்தினா. வந்தது.’ இப்படியே பக்கம் பக்கமாக. நான் வாசிக்க வாசிக்க டொக்டர் தலையாட்டிக்கொண்டே வந்தார். பெரிய கிளாக்கர் நெருப்புப்பெட்டி அளவுக்கு மேல் எழுத விடாத கதை, எழுத விட்டால் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். வியாழக்கிழமை. ‘பால் குடித்துக் கனநேரம். நித்திரை. பால் வரவில்லை. மூச்சு மட்டும் நின்றது. வலது கை இரண்டு தரம் துடித்தது.’ அதை நான் திருப்பி வாசிக்க வேண்டி வந்தது. இந்த ஒரு வரியை அவள் எழுதாமல் விட்டிருந்தால் மாமியின் வாயை அடைக்க வசதியாக இருந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். எழுதியிருந்தாள்.

பிள்ளையை வார்டில் வைத்துப் பார்த்தார்கள். டொக்டரும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். பால், வளைவு, மூச்சு, அதே ஒழுங்கில் கண்டார். கைத்துடிப்பு ஒருதரமும் வரவில்லை. பெரும்பாலும் பாலின் வேலைதான், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, தோளில் நிமிர்த்தி வைத்திரு என்றார். மருந்தை மெல்ல மெல்லக் குறைப்போம், கொப்பியை நிறுத்தாதே என்றார். “அப்ப வியாழக்கிழமை வந்தது வலிப்போ, இல்லையோ?” என்று அவள் கேட்டாள். நான் அதை மாற்றிச் சொல்ல முதலே அவருக்கு விளங்கிவிட்டது. அவர் தமிழிலேயே சொன்ன பதிலின் முதல் சொல்தான், வாய், திற என்பவற்றுக்குப் பிறகு மூன்றாவதாக அவர் படித்த தமிழ்ச் சொல். அந்தக் கட்டடத்தில் அதுவரைக்கும் அதை வேறொருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

“தெரியாது. ஆனா, பாக்கிறது.”

சுகமாச்சு

வார்டில் இருந்து வீட்டுக்கு விட்ட அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் புருஷன் வருவான். வெருகலுக்குக் கொண்டுபோய் விடுவதா இல்லையா என்பது இன்னும் மாமியின் வாயில்தான் இருந்தது. பழைய துண்டில் ‘பிட்ஸ்’ என்பதை வெட்டித் தாருங்கள் என்று நான் பெரிய கிளாக்கரிடம் போனேன். எழுதினதை வெட்டக்கூடாது, அது ஆஸ்பத்திரிக் கந்தோர்ச் சட்டம் என்றார். பிழை என்றேன். பிழை என்றால் ஆர் விட்ட பிழை என்று மேலிடத்தில் கேட்பார்கள், உன்னை வேலைக்கு எடுத்தது நான் என்றார். பிறகு எனக்கு உதவி செய்கிறவர் மாதிரி, அதே துண்டில் ‘பிட்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் தன் கையாலேயே ‘சுகம்’ என்பதற்கு இங்கிலீசு எழுதினார். அதே கட்டத்துக்குள், இடம் காணாமல், எறும்பு மாதிரி.

“இனி ஆக்கினை தொல்லை ஒண்டும் இல்லை. ‘பிட்ஸ், சுகமாச்சு’ எண்டு கூப்பிட்டுத் துண்டைக் குடுத்திட்டு, வாயை மூடிக்கொண்டு இரும்.”

கடைசிக் கூப்பிடல்

சுகமாச்சு என்றால் வலிப்பு முதலில் வந்தது என்றுதானே அர்த்தம். வாங்கில் அதே சாம்பல்தீவு பஸ் சனம். நடுவில் மாமி, கைப்பை மடியில். செல்வமலர் பிள்ளையைத் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் துண்டை எடுத்தேன். எழும்பி நின்றேன். அன்றைக்குக் கூப்பிட்ட அதே தொண்டையால் கூப்பிட்டேன்:

“சாம்பல்தீவு! செல்வமலர்! பிட்ஸ் எண்டு எழுதினது நான்! அவ சொன்னது மூச்சு இழுக்குது எண்டு! துண்டில கிடக்கிறது என்ர பிழை! பால் மேல வந்துதான் பெரும்பாலும் மூச்சு நிக்குதாம்! வலிப்பு இருக்கோ இல்லையோ எண்டு டொக்டருக்கே இன்னும் தெரியாதாம்!”

பெரிய கிளாக்கரின் கதிரை எனக்குப் பின்னால் கிறீச் என்று நகர்ந்தது. மாமி எழும்பி யன்னலுக்கு வந்தா. துண்டை என் கையில் இருந்து பறித்து, வாசிக்கத் தெரியாத இங்கிலீசை மேலும் கீழும் பார்த்தா. என்னையும் மேலும் கீழும் பார்த்தா. பிறகு திரும்பிப் போய் மருமகளின் தோளில் இருந்த பிள்ளையை வாங்கி, கிடத்தாமல், நிமிர்த்தியே தன் தோளில் சாய்த்துக்கொண்டா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா என்று அவளைக் கூப்பிட்டா. வெருகல் கதை எடுபடவில்லை. வாசலில் நின்று என் பக்கம் ஒருதரம் திரும்பினா.

“டொக்டருக்கே தெரியாததை நீ எப்பிடியடா எழுதினனீ?”

திங்கட்கிழமை போனபோது என் கதிரையில் வேறொருவன் இருந்தான். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடு என்பதுதான் அந்த வேலையில் எனக்குச் சொல்லித் தந்த ஒரே பாடம், கணக்கைப் போல அதிலும் நான் பெயில்.